ஒன்பது நொடி

பொம்மைக்குக் குரல் நான்.
ஒருவழிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
ஒரு மைக், மூன்று திரை, ஆறிப்போன ரூய்போஸ் தேநீர்.
ஒரு பொத்தானுக்கு அதற்கு மூச்சு வாங்கும்,
அடுத்ததற்கு வேர்க்கும்.
கேப் டவுனில் மேகம் மலையைவிட்டு இறங்குவதற்குள்
நாளுக்கு நாலு தடவை சாகப் பார்க்கிறேன்,
மாதச் சம்பளத்துக்கு.

அதன் தோல் வெளிறிய ரோஜா நிறம்.
உதடு நீலமாக
உள்ளே ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கிறார்கள்.
நான் குடியிருக்கும் கயலீட்ஷாவில்
மூச்சு முட்டினால் உதடு நீலமாவதில்லை,
சாம்பல் பூக்கும்.
அதற்கு விளக்கு இல்லை.

இன்று அதன் பெயர் நோம்புயிசெலோ.
ஐம்பத்தாறு வயது. வீடு துடைக்கிற வேலை. சர்க்கரை.
கோப்பின் தலையில் சிவப்பு மையில்:
'ஒத்துழையாதவர். இரண்டு தவணை வரவில்லை.'
பாடம் வகுத்தவர்கள் வைத்த பொறி அது.
எந்த எலி கடிக்கிறதென்று பார்ப்பார்கள்.

நால்வர் வந்தார்கள்.
மருத்துவம் படிக்கும் ரியான் முன்னால்.
நர்சிங் தஸ்நீம். மருந்தியல் கெய்ட்டுமெட்ஸே.
சுவரோடு சுவராக ஒல்லியாய் ஒருவன்,
பிசியோதெரபி, அவிவே.

"ஏன் மாத்திரை வாங்க வரவில்லை?"
ரியான் ஆங்கிலத்தில் கேட்டான்.
பிறகு அதையே சத்தமாக,
சத்தம் ஏற ஏற மொழி புரிந்துவிடும் என்பதுபோல.

நான் கோசாவில் சொன்னேன்:
வந்தேன் தம்பி. விடிகாலை மூணே முக்காலுக்கு டாக்சி.
எனக்கு முன்னால நூத்தம்பது பேரு.
பதினோரு மணிக்கு வேலைக்கார வீட்டிலிருந்து போன்,
வரியா, வேற ஆளைப் பாக்கட்டுமான்னு.
இன்னிக்கும் அப்படித்தான்.
ஊசி போட்டுக்கிட்டேன்.
ஒரு வாய் சாப்பிடல.

தஸ்நீம் ரியானைப் பார்த்தாள்.
ரியான் மானிட்டரைப் பார்த்தான்.
கெய்ட்டுமெட்ஸே மருந்துச் சீட்டில் தலை கவிழ்த்தாள்.
அவிவேயின் வாய் திறந்ததைத் திரையில் பார்த்தேன்.
மூடியதையும்.

அவன் வீட்டுப் பேச்சு அது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
வாய் இரண்டு இருந்தது அந்த அறையில்,
என்னுடையதும் அவனுடையதும்.
நான் சர்க்கரையை இறக்கினேன்.
ரோஜாத் தோலில் வேர்வை முத்து முத்தாய்.
நாடி நூற்று முப்பது.
இன்னும் இறக்கினேன்.

"நீ சொல்லு, என்ன சொல்றாங்க?"
கேட்டது தஸ்நீம்.
உடம்பு முழுவதையும் அவன் பக்கம் திருப்பி.

அவன் சொன்னான்.
அதற்குப் பிறகு
எட்டுக் கையும் ஒரே ஆளுடையதுபோல.
குளுக்கோஸ் ஏறியது.
பொம்மையின் கண்ணைத் திறந்துவிட்டேன்.

பேசுவதற்கான அறையில் வீடியோ ஓடியது.
சொலமன்ஸ் சிஸ்டர் ஓரிடத்தில் நிறுத்தி,
ஒன்றும் சொல்லாமல் பின்னுக்கு ஓட்டி,
மறுபடி ஓடவிட்டார்.
வாய் திறந்து, வாய் மூடி,
தஸ்நீம் திரும்பும் வரை
ஒன்பது நொடி.

"ஏன் சொல்லலை?" என்றான் ரியான்.
"நீ அவங்களைத்தான் கேட்ட.
எங்களை யாரையும் கேக்கலை."
ரியானின் காது சிவந்தது. அது பொத்தானால் அல்ல.
கெய்ட்டுமெட்ஸே கோப்பை இழுத்து
அந்தச் சிவப்புச் சொல்லின்மேல் ரப்பரைத் தேய்த்தாள்.
பேனா மை. போகவில்லை.
தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

போன ஜூனில் என் தங்கை புலெல்வா
நிஜமான வார்டில் நிஜமாய் வேர்த்தாள்.
கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை.
பின்னுக்கு ஓட்ட வீடியோ இல்லை.
எத்தனை நொடி என்று
எனக்குத் தெரியாது.

அடுத்த குழு இரண்டு மணிக்கு.
பொம்மையைத் துடைத்து, போர்வை மாற்றி,
கொள்முதல் பிரிவுக்கு மூன்றாம் முறையாக எழுதினேன்:
கருத்த தோலில் ஒன்று வேண்டும்,
சாம்பல் பூக்கும் உதட்டோடு.

பதில் உடனே வந்தது:
பரிசீலனையில்.